பாறைப்பொடி எப்போது மண்ணாகிறது?

1969 முதல் 1972 வரை நிலவில் இறங்கிய அப்பல்லோ விண்வெளி வீரர்கள் அங்கிருந்து மொத்தம் 382 கிலோ கல்லும் தூளும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். பல பத்தாண்டுகள் பூட்டி வைத்திருந்த அந்தத் தூளில் 12 கிராம் வாங்கி, ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விதை போட்டுப் பார்த்தார்கள். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் விதை. முளைத்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் வளர்ச்சி சுணங்கியது. வேர் குட்டையாக நின்றது, இலை சிறுத்தது, சில செடிகளில் கருஞ்சிவப்பு ஏறியது. ஒப்பிடுவதற்காக எரிமலைச் சாம்பலில் போட்ட அதே விதைகள் நன்றாகவே வந்தன. இத்தனைக்கும் இரண்டுக்குமே தண்ணீரோடு ஊட்டக் கரைசலும் கொடுத்திருந்தார்கள். 2022இல் இந்த முடிவு வெளியானது.

பார்வைக்கு நிலவுத் தூள் மண் மாதிரியேதான் இருக்கிறது. பல நூறு கோடி ஆண்டுகளாக விண்கற்கள் மோதி மோதிப் பொடித்த பாறை அது. சிலிக்கா, இரும்பு, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஓடும் தண்ணீரோ காற்றோ உயிரோ அதைத் தொட்டதே இல்லை. பாறை எவ்வளவு நைசாக உடைந்தாலும் பாறைதான். அது மண்ணாக வேண்டுமென்றால் உடைவதற்கு மேல் வேறு சில காரியங்கள் நடந்தாக வேண்டும்.

உடைவது ஒன்று, மாறுவது வேறு

பாறை உடையப் பல வழி உண்டு. வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கி விரிசல் விடும். விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்தால் அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும். குளிர்ப் பிரதேசங்களில் பெரும் பாறைகளைப் பிளப்பது பெரும்பாலும் இதுதான். வேர் புகுந்து நெம்பும், உப்புப் படிகம் வளர்ந்து பெயர்க்கும், ஆறு உருட்டும், பனியாறு அரைக்கும். இவையெல்லாம் வெறும் உடைப்பு வேலை. பெரிய கல் சின்னக் கல்லாகுமே தவிர உள்ளிருக்கும் பொருள் மாறாது. இதில் ஒரே லாபம், பரப்பு கூடுகிறது. அடுத்து வரும் வேதி வேலைக்கு அந்தப் பரப்புதான் களம்.

அந்த வேலையைச் செய்வது மழைநீர். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு, மிகவும் மென்மையான கார்பானிக் அமிலமாக அது இறங்குகிறது. தரைக்குள் போனதும் அதன் வீரியம் கூடும். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சு விட்டுக்கொண்டே இருப்பதால், தரைக்கடிக் காற்றில் கார்பன் டைஆக்சைடு வெளியில் இருப்பதைவிடப் பத்து மடங்கு, சில இடங்களில் நூறு மடங்குகூட இருக்கும். நாக்குக்குப் புளிப்பே தெரியாத இந்த அமிலம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஓயாமல் வேலை செய்தால் என்ன ஆகும்? ஒரு கிரானைட் கல்லை வைத்துப் பார்க்கலாம்.

புதிதாக உடைத்த கிரானைட் துண்டை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மங்கிய கண்ணாடித் துணுக்காகத் தெரிவது குவார்ட்ஸ். வெங்கச்சங்கல் முழுக்க இதுதான். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தட்டையான முகம் காட்டுவது ஃபெல்ட்ஸ்பார். ஏடு ஏடாக உரிந்து பளபளக்கும் தகடு காக்காப்பொன், அதாவது மைக்கா. ஒரே கல்லில் இருந்தாலும் மழைநீரிடம் மூன்றுக்கும் நேரும் கதி வேறு வேறு.

ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து பொட்டாசியம், சோடியம், கால்சியம் ஆகியவை மெல்லக் கரைந்து வெளியேறுகின்றன. மிஞ்சிய சிலிக்காவும் அலுமினியமும் தண்ணீரோடு சேர்ந்து புதிதாக அடுக்கிக்கொண்டு களியாகின்றன. பீங்கான் செய்ய எடுக்கும் கயோலினைட் என்ற வெள்ளைக் களி பிறப்பது இப்படித்தான். காக்காப்பொன்னிலிருந்து பொட்டாசியமும், கறுப்பு வகையாக இருந்தால் இரும்பும் வெளியே வரும். இரும்பு காற்றுப் பட்டதும் துருப்பிடிக்கும். செம்மண்ணுக்குச் சிவப்பு தருவது ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு. மண் மஞ்சளாகவோ பழுப்பு மஞ்சளாகவோ இருந்தால் அது பெரும்பாலும் கோதைட் என்ற இன்னொரு இரும்புக் கனிமம். குவார்ட்ஸிடம் மட்டும் இந்த அமிலத்தின் பருப்பு வேகாது. சுற்றியிருந்தவை எல்லாம் கரைந்தும் மாறியும் போக, அது தனித்தனிப் பருக்கையாக உதிரும். அதுதான் மணல்.

ஆக, மணல் பாறையில் ஏற்கெனவே இருந்த சரக்கு. களி பாறையில் இல்லாதது, தண்ணீர் வந்த பிறகு உண்டானது. மண்ணைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். களி என்பது ரொம்ப நைசான மணல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குவார்ட்ஸ் மணலை எத்தனை காலம் அரைத்தாலும் களி வராது.

களி பிடித்துவைக்கும் சத்து

அளவுக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உள்ள துகள் மணல். அதிலிருந்து 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதற்கும் கீழே களி. மணலுக்கும் வண்டலுக்கும் இடையிலான கோட்டைச் சில நாடுகள் கொஞ்சம் தள்ளிப் போடுவதுண்டு. 2 மில்லிமீட்டருக்கு மேல் போனால் சரளை. அதை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

களித் துகள்கள் பொதுவாகத் தகடு தகடாக இருக்கும். அதனால் அவற்றின் பரப்பு மலைக்க வைக்கும். ஒரு கிராம் கயோலினைட்டில் 10 முதல் 20 சதுர மீட்டர் வரை பரப்பு உண்டு. ஸ்மெக்டைட் என்ற இன்னொரு வகைக் களியில், தகடுகளின் உட்பக்கங்களையும் சேர்த்தால், ஒரு கிராமுக்கே சுமார் 700 சதுர மீட்டர் வரும். இந்த உட்பக்கங்களுக்குள் தண்ணீர் புகுந்தால் களி உப்பும், வெளியேறினால் சுருங்கும். கரிசல் மண் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும், மழைக்குப் பின் வெடிப்பு மூடிக்கொள்வதும் இந்த ஸ்மெக்டைட்டால்தான்.

பரப்பைவிட முக்கியம், அந்தப் பரப்பிலுள்ள எதிர்மின்னேற்றம். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் நேர்மின்னேற்றம் உள்ளவை. களியில் போய் ஒட்டிக்கொள்ளும். மழை அடித்தாலும் சுலபத்தில் போகாது. வேர் தன் பக்கத்திலிருந்து ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து, அவற்றில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளும். தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், இன்னொரு வடிவமான நைட்ரேட்டுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதுவும் எதிர்மின்னேற்றம் கொண்டது என்பதால் களியில் ஒட்டாது. கனமழை பெய்தால் தண்ணீரோடு கீழே போய்விடும். மணல் மண்ணில் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடச் சொல்வது இதனால்தான். பிடித்துவைக்க அங்கே களி குறைவு.

இதே பிடிமானம், சொல்லப்போனால் எடைக்கு எடை களியைவிட அதிகமாகவே, செத்த உயிர்ப்பொருள் மக்கி உண்டாகும் மக்கிடமும் உண்டு. மக்கு வர வேண்டுமென்றால் முதலில் உயிர் வர வேண்டும்.

ஒரு புதிய தீவில் நடந்தது

1963 நவம்பரில் ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்கடியில் எரிமலை வெடித்துச் சுர்ட்ஸே என்ற தீவு உருவானது. ஆய்வாளர்களைத் தவிர வேறு யாரும் காலெடுத்து வைக்கக்கூடாது என்று அதை அப்படியே பாதுகாத்தார்கள். அங்கே மழைக்குக் குறைவில்லை, சாம்பலில் கனிமச் சத்துக்கும் குறைவில்லை. 1965இலேயே கடற்கரைச் செடி ஒன்று முளைத்துவிட்டது. ஆனால் இருபது ஆண்டுகள் ஆன பிறகும் தீவு பெரும்பாலும் மொட்டையாகத்தான் கிடந்தது. 1980களின் நடுவில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. எச்சம் விழுந்த இடமெல்லாம் பச்சை படர்ந்தது, புதுப்புதுச் செடியினங்கள் வந்து சேர்ந்தன.

பறவைகள் கொண்டுவந்தது நைட்ரஜன். பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம் போன்றவை பாறையிலிருந்து வரும். நைட்ரஜன் பெரும்பாலான பாறைகளில் இல்லை என்றே சொல்லலாம். காற்றில் 78 சதவீதம் அதுதான் என்றாலும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. சில பாக்டீரியாக்களால் மட்டுமே முடியும். பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சில் இருப்பவை அவைதாம். வெறும் பாறையில் முதலில் குடியேறும், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் லைக்கன்களிலும் சில, நைட்ரஜனைப் பிடிக்கும் நீலப்பச்சைப் பாக்டீரியாவைத் தம்மோடு வைத்துக்கொண்டிருக்கும். இப்படிச் சேரும் நைட்ரஜனின் துணையில் ஏதோ வளரும், சாகும், மக்கும். அதன்மேல் இன்னொன்று வளரும்.

செத்த இலையும் வேரும் மக்கும்போது பெரும்பகுதி கார்பன் டைஆக்சைடாகக் காற்றுக்கே திரும்பிவிடுகிறது. கொஞ்சம் மட்டும் தங்குகிறது. அந்தக் கறுப்பு மக்கில் கணிசமான பங்கு இலை தழையின் மிச்சமே கிடையாது. அவற்றைத் தின்று வாழ்ந்து செத்த பாக்டீரியாக்கள், பூஞ்சைகள் ஆகியவற்றின் மிச்சம். களியோடு ஒட்டிக்கொண்டால் நூற்றாண்டுக் கணக்கில்கூட அது அழியாமல் இருக்கும். உலகத்து மண்ணில் இப்படிப் பூட்டிக் கிடக்கும் கார்பன், காற்றிலும் செடிகொடிகளிலும் இருக்கும் கார்பன் இரண்டையும் கூட்டினாலும் அதைவிட அதிகம்.

ஒரு தேக்கரண்டி வளமான மண்ணில் பாக்டீரியாக்கள் நூறு கோடி வரை இருக்கலாம். மழை தொட்டதும் எழும் மண்வாசனையில் முக்கியப் பங்கு ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு. அதைச் செய்வதும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற மண்வாழ் பாக்டீரியாக்களே. மலட்டுப் பாறைப்பொடியில் தண்ணீர் தெளித்தால் அந்த வாசனை வராது.

பாதி மண் வெற்றிடம்

நல்ல மேல்மண்ணைக் கன அளவில் பிரித்தால் பாடப்புத்தகக் கணக்கு இப்படி வரும்: கனிமத் துகள் 45 சதவீதம், மக்கு 5 சதவீதம், மீதி 50 சதவீதம் இடுக்கும் துளையும். அந்த இடுக்கில் பாதி தண்ணீர், பாதி காற்று. எண்கள் இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் மாறும். வறண்ட நிலங்களில் மக்கு 1 சதவீதத்துக்கும் கீழே போவதுண்டு. சதுப்பில் சேரும் கரிமண்ணிலோ பெரும்பகுதியே மக்குதான். ஆனால் பாதி இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். வேரும் மூச்சு விட வேண்டும். இடுக்கெல்லாம் நாள்கணக்கில் தண்ணீரே நின்றால் ஆக்சிஜன் தீர்ந்து, சிவப்பு இரும்பும் வேதி மாற்றம் அடைந்து நிறத்தை இழக்கும். குழி வெட்டும்போது அடிமண் சாம்பல் நிறத்தில், இடையிடையே துருப்புள்ளியோடு தெரிந்தால் அங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம்.

ஒரு விநோதம். மொத்த இடுக்கு மணலைவிடக் களியில்தான் அதிகம். ஆனால் களியின் இடுக்குகள் மிக நுண்ணியவை. தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அதில் ஒரு பகுதியை வேரால்கூட உறிஞ்ச முடியாது. மணலின் இடுக்குகளோ பெரியவை. தண்ணீர் வந்த வேகத்தில் இறங்கிவிடும். நமக்கு வேண்டியது இரண்டும் கலந்த அமைப்பு. அதைத் தருவது துகளின் அளவு மட்டும் அல்ல, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் விதமும்தான். பூஞ்சை இழைகள் கட்டும், பாக்டீரியாவும் வேரும் சுரக்கும் பசை ஒட்டும், மண்புழு தின்று உருண்டையாகக் கழிக்கும். இப்படித் திரண்ட குருணைகளுக்கு நடுவே பெரிய இடுக்கு, ஒவ்வொரு குருணைக்கு உள்ளேயும் சின்ன இடுக்கு. பொலபொலவென்று இருக்கும் மண் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இறுகிய களிமண்ணைச் சரிசெய்யக் கொஞ்சம் மணலைக் கொட்டுவது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மணல் பாதிக்கு மேல் இருந்தாலொழிய அதன் குணம் தெரியாது; கொஞ்சமாகப் போட்டால் இடுக்குகளைக் களி அடைத்துக்கொண்டு மண் இன்னும் கெட்டியாகும். மக்கிய உரம் போடுவதும், காலடியும் வண்டிச் சக்கரமும் ஈர மண்ணில் படாமல் பார்த்துக்கொள்வதும் மெதுவான வழி, ஆனால் பலன் தரும் வழி.

புழுக்கள் புதைத்த சுண்ணாம்புக்கல்

மண்ணை வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரியும். மேலே இலைச்சருகு, அதன் கீழே மக்கு கலந்த கருமையான மேல்மண், அதற்கும் கீழே மேலிருந்து இறங்கிய களியும் இரும்பும் சேர்ந்த அடிமண், பிறகு பாதி சிதைந்த கல், கடைசியில் பாறை. தண்ணீர் பொருள்களைக் கீழே இறக்குவதால் அடுக்கு உண்டாகிறது. புழு, எறும்பு, கறையான், வேர் எல்லாம் கிளறிக் கிளறி அதைக் கலைக்கின்றன.

இந்தக் கிளறலை அளந்து பார்த்தவர் சார்லஸ் டார்வின். 1842 டிசம்பரில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிவிட்டு, 29 ஆண்டுகள் கழித்து 1871இல் அங்கே பள்ளம் வெட்டினார். வெள்ளைக் கற்கள் ஒரே வரிசையாக 7 அங்குல ஆழத்தில் கிடந்தன. யாரும் புதைக்கவில்லை. புழுக்கள் கீழிருந்து மண்ணைத் தின்று மேலே வந்து கழித்துக் கழித்து, கற்களை உள்ளே அமிழ்த்திவிட்டன. இறப்பதற்கு முந்தைய ஆண்டில், 1881இல், இதையெல்லாம் சேர்த்துப் புழுக்களைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1883இல், ரஷ்யப் புல்வெளிகளின் கறுப்பு மண்ணை ஆராய்ந்த வசீலி தொகுச்சாயெவ், மண்ணைப் பாறையின் கழிவாகப் பார்க்கக்கூடாது, அது தனக்கென்று ஒரு வரலாறு கொண்ட இயற்கைப் பொருள் என்று நிறுவினார். தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினம், நில அமைப்பு, காலம் என்ற ஐந்தும் சேர்ந்துதான் மண் உருவாகிறது என்ற கருத்துக்கு அடிப்படை அவருடையது. 1941இல் ஹான்ஸ் ஜென்னி அதைச் சமன்பாடாகவே எழுதினார். ஒன்றைக் கூடவே சொல்ல வேண்டும்: தாய்ப்பாறை எப்போதும் நேர் கீழே இருக்க வேண்டியதில்லை. ஆறும் காற்றும் பனியாறும் எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டியதன் மேல் உருவான மண் உலகில் ஏராளம். வட சீனாவில் காற்று கொண்டுவந்த தூசிப் படிவு பல இடங்களில் 100 மீட்டருக்கு மேல் கனமானது.

மண்ணுக்கும் வயதாகும்

ஒரு சென்டிமீட்டர் மண் உருவாகச் சில நூறு ஆண்டுகளிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலும் பிடிக்கலாம். சூடும் மழையும் உள்ள இடத்தில் வேகம், குளிரும் வறட்சியும் உள்ள இடத்தில் மந்தம். அப்படியானால் பழைய மண் எல்லாம் வளமான மண்ணா? இல்லை.

ஹவாய்த் தீவுகளில் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. எல்லாத் தீவும் ஒரே மாதிரி எரிமலைப் பாறை, ஆனால் வயது வேறு. தென்கிழக்கே சில நூறு ஆண்டு வயதான மண். வடமேற்கே கவாயித் தீவில் 40 லட்சம் ஆண்டு. இளம் மண்ணில் செடிக்குத் தட்டுப்பாடு நைட்ரஜன்; அது சேர்வதற்குக் காலம் போதவில்லை. மிகப் பழைய மண்ணில் தட்டுப்பாடு பாஸ்பரஸ். பாறையிலிருந்து வந்த பாஸ்பரஸ் கரைந்து போயிற்று, மிஞ்சியதை இரும்பும் அலுமினியமும் இறுகப் பிடித்துக்கொண்டன. வளம் உச்சத்தில் இருந்தது நடு வயதில். கவாயியில் இன்றைக்குக் கிடைக்கும் பாஸ்பரஸில் பெரும்பங்கு ஆசியாவிலிருந்து காற்றில் வரும் தூசி தருவது. அமேசான் காட்டுக்குச் சஹாராத் தூசி செய்வதும் இதே உதவிதான். வெப்பமண்டலத்தில் அடர்ந்த காட்டை வெட்டி எரித்து உழுத நிலம் பல இடங்களில் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடுவது ஏன் என்பதும் இப்போது புரியும். அங்கே சத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இல்லை. மரத்திலும் மேலே கிடக்கும் மெல்லிய மக்கிலும்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

சரி, கையில் இருக்கும் மண்ணை எப்படிப் பார்ப்பது?

கொஞ்சம் ஈரப்படுத்தி விரலுக்கிடையில் தேயுங்கள். நறநறவென்றால் மணல். மாவைத் தொட்டது போல் வழுவழுவென்றால் வண்டல். பிசுபிசுவென்று ஒட்டி, கட்டைவிரலால் தள்ளத் தள்ள உடையாமல் நாடாவாக நீண்டால் களி.

இன்னும் துல்லியம் வேண்டுமா? நேரான கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் அமரும். வண்டல் படியச் சில மணி நேரம் ஆகும். களி படிய ஒரு நாள், சில மண்ணில் அதற்கு மேலும். மேலே மிதப்பது மக்காத சருகும் வேரும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அடுக்குகளை அளவுகோலால் அளந்து பாருங்கள். 10 சென்டிமீட்டரில் 5 மணல், 3 வண்டல், 2 களி என்று வந்தால் அநேகமாக எந்தப் பயிரும் குறை சொல்லாது.

அடுத்து, காய்ந்த மண்கட்டி ஒன்றை உடைக்காமல் தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் மெதுவாக இறக்குங்கள். மரத்தடியிலோ புல் தரையிலோ எடுத்த கட்டி குமிழி விட்டுக்கொண்டு வெகுநேரம் உருக்குலையாமல் இருக்கும். ஓயாமல் உழுது வெயிலில் காய்ந்த நிலத்துக் கட்டி சில நிமிடத்திலேயே கரைந்து டம்ளரைக் கலக்கிவிடும். மழைத்துளி பட்டாலும் அந்த நிலத்தில் இதேதான் நடக்கிறது. புட்டியில் அளந்த மணல், வண்டல், களி விகிதத்தை யாராலும் எளிதில் மாற்ற முடியாது. டம்ளரில் தெரியும் பிடிமானத்தை மக்கும், நிலத்தின்மேல் சருகு பரப்பும் மூடாக்கும் சில பருவங்களில் மாற்றிவிடும். அதனால் ஆண்டுதோறும் செய்து பார்க்க வேண்டியது இந்த டம்ளர் சோதனைதான். புட்டிச் சோதனையை ஒரு முறை செய்து எண்களைக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.